கல் ஆபரேஷன்

"சார், இது துடிக்குது."

சொன்னது டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை சலூன்காரர்.

2019 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்காலியில் என் தாய்மாமா. அடுத்த ஆளாக நான் பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று நாள் பழைய பேப்பரில் எனக்கு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட ராசிபலனைப் படித்துக்கொண்டிருந்தேன். சலூன்காரர் மாமாவின் பின்னந்தலையில், வலது காதுக்குக் கொஞ்சம் மேலே, ஆள்காட்டி விரலை வைத்தபடி நின்றார். நெல்லிக்காய் சைஸில் ஒரு கட்டி.

"கொழுப்புக் கட்டிப்பா. எங்க வம்சத்துக்கே கொழுப்பு ஜாஸ்தி. நீ வேலையைப் பாரு" என்றார் மாமா.

"இல்ல சார். இருபது வருஷமா தலையிலதான் கை வெச்சிட்டிருக்கேன். கொழுப்புக் கட்டி வழுக்கும். இது நாடி மாதிரி துடிக்குது."

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்தது தப்பு. ஏனென்றால் மாமாவுக்கு மறந்துபோன ஒரு விஷயம் எனக்கு ஞாபகம் இருந்தது.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து 2015-இல் ரிடையர் ஆனவர். அவர் மதித்த ஒரே தெய்வம் ஃபைல். "பேப்பர் இல்லாம வாய் பேசாதே" என்பதுதான் அவருடைய வேதம். வீட்டில் கேஸ் சிலிண்டர் ரசீதுக்குக்கூட டேக் கட்டி, பக்க எண் போட்டு வைத்திருப்பார். அத்தை ஏதாவது சண்டையை ஆரம்பித்தால் அதே சண்டை முன்பு எந்தத் தேதியில் நடந்தது என்று சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஃபைலை மட்டும் மஞ்சப்பையில் சுற்றிப் பரண் மேல், பித்தளை அண்டாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அது அவருடைய சொந்த ஃபைல்.

2008-இல் அவருக்கு 51 வயது. சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை. வலி இல்லாத எதையும் நம் ஜனங்கள் வியாதியாக ஒப்புக்கொள்வதில்லை. "சூடு" என்று மோரும் இளநீருமாக மூன்று மாதம் ஓட்டினார். பிறகு ஸ்கான். இடது சிறுநீரகத்தில் ஏழு சென்டிமீட்டர் கட்டி. சென்னைக்குப் போய் அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். நான் அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு இருந்தவன் நான். டிஸ்சார்ஜ் சம்மரியை முதலில் படித்தவனும் நான்தான்.

ஒரு சிறுநீரகத்தோடு மனிதன் தாராளமாக வாழலாம். 1869-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் குஸ்டாவ் சைமன் என்ற சர்ஜன், முதலில் நாய்களிடம் செய்து பார்த்துவிட்டு, திட்டமிட்டு ஒரு பெண்மணியின் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார். அந்த அம்மாள் பிழைத்தார். அன்றிலிருந்து இது நிரூபிக்கப்பட்ட விஷயம். மாமாவும் பதினைந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து ஆபீஸுக்கு மெடிக்கல் லீவ் லெட்டர் எழுதினார்.

சர்ஜன் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "தெரிஞ்ச வரைக்கும் முழுசா எடுத்தாச்சு. ஆனா இந்த வகை கொஞ்சம் சொல்பேச்சு கேக்காது. செக்கப்பை விட்டுடாதீங்க."

மாமா காதில் முதல் வாக்கியம் மட்டும் விழுந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அத்தை முடிவு பண்ணிவிட்டாள். "கேட்டா கல்லுன்னு சொல்லிடுங்க. பொண்ணு இருக்கா வீட்டுல." பொண்ணுக்கு அப்போது பதினாலு வயது. (எனக்கு முறைப்பெண்தான். ஆனால் அவள் பிற்பாடு பி.ஈ. படித்தாள், நான் வெறும் பி.காம். என்பதால் அந்தப் பேச்சு யார் வாயிலும் எழவில்லை. எழாததில் இரு தரப்புக்கும் திருப்தி.) புற்றுநோய் என்ற வார்த்தை வீட்டு வாசலில் ஒருமுறை ஏறிவிட்டால் ஜாதகம் எடுத்துக்கொண்டு ஒருத்தனும் வரமாட்டான் என்பது அத்தையின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை.

ஆகவே, "கல் ஆபரேஷன்."

தெருவே நம்பியது. பதினொரு வருஷம் ஆளாளுக்கு வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். இல்லாத கல்லுக்காக மாமா குடித்த வாழைத்தண்டு ஜூஸை அளந்தால் மகாமகக் குளத்தின் ஒரு படித்துறையாவது நனையும். நாளாவட்டத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மாமாவே நம்ப ஆரம்பித்துவிட்டார். யாராவது கல் என்று வந்தால், "எனக்குக்கூட இருந்துச்சு, பட்டாணி சைஸு" என்று அனுபவம் சொல்வார். ஐந்து வருஷம் ஒழுங்காகச் செக்கப்புக்குப் போனவர், 2013-இல் "அஞ்சு வருஷம் தாண்டினா பாஸ்" என்று தனக்குத் தானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

2018-இல் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, எழுத்துத் தொழில் செய்கிறவன் என்று என்னிடம்தான் குடும்ப விவரம் டைப் செய்யக் கொடுத்தார்கள். "பெண்ணின் தந்தை: ஓய்வுபெற்ற அரசு ஊழியர். நல்ல உடல்நலம்." டைப் செய்தது இந்தக் கைதான்.

பி.காம்.-இல் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட பாடங்கள் இரண்டு. ஒன்று, விண்டோ டிரஸ்ஸிங். கம்பெனியின் நிலைமையைப் பேலன்ஸ் ஷீட்டில் அழகாகக் காட்டுவது. இன்னொன்று, கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி. இன்றைக்குக் கடன் இல்லை, நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். அதைக் கணக்கில் கூட்டக் கூடாது. ஆனால் பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே அடிக்குறிப்பாகக் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆடிட்டர் விடமாட்டார். மாமாவின் பேலன்ஸ் ஷீட்டில் நாங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டோம்.

சலூனுக்குப் போன மறுநாள், திங்கட்கிழமை, பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு மாமாவை நான்தான் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். கூட்டம். இளம் டாக்டர். கட்டியை அழுத்திப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு. சனிக்கிழமை வாங்க. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம். பத்து நிமிஷ வேலை" என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?"

"கல் ஆபரேஷன். 2008-ல" என்றார் மாமா, ஒரு வினாடி தயக்கம் இல்லாமல்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். சுவரில் பல் தேய்ப்பது எப்படி என்று ஒரு படம் இருந்தது. அதை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டார். பொய் சொன்னது நாங்கள். மாமா வாயால் சொன்னார், நான் வாய் திறக்காமல் சொன்னேன். என் மனதில் ஓடியது இதுதான்: ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்திருக்கிறது, தையில் கல்யாணம், பத்திரிகைக்கு மாடல் பார்த்தாகிவிட்டது. பதினொரு வருஷத்துக்கு முன் போன சனியனை நாம் ஏன் கூப்பிட வேண்டும்? இடுப்பில் இருந்ததற்கும் தலையில் வந்ததற்கும் என்ன சம்பந்தம்?

செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம் வரவில்லை. 'இது துடிக்குது' என்று சலூன்காரர் சொன்னதே காதில் கேட்டது. கொழுப்பு துடிக்காது. துடிப்பதென்றால் உள்ளே ரத்தம் ஓட வேண்டும். இதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. பி.காம். போதும்.

சனிக்கிழமை காலை, மாமா காவிரிக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பரண் ஏறினேன். அத்தை கீழே நின்று "என்னடா தேடறே?" என்றாள். "ஃபைல்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

கிளினிக்கில் அந்த டாக்டர் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படித்தபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். "இதை நான் இன்னைக்கு இங்க வெட்டியிருந்தா, ரத்தத்தை நிறுத்த எங்கிட்ட வசதி கிடையாது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. உடனே சென்னைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஸ்கான், பிறகு மயக்க மருந்து கொடுத்து, ரத்தத்துக்கு ஏற்பாடு செய்து வைத்துக்கொண்டு கட்டியை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. தலையில் இருந்தது தோல் புற்று இல்லை. சிறுநீரகப் புற்று. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் 2008-இல் எடுத்ததும் 2019-இல் எடுத்ததும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. 'தெளிந்த செல்' வகை என்கிறார்கள். அந்தச் செல்லுக்குள் இருக்கும் கொழுப்பும் சர்க்கரைச் சத்தும் ஸ்லைடு தயாரிக்கும்போது கரைந்துபோய்விடுவதால், உள்ளே காலியாகத் தெரியும். சிறுநீரகப் புற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று இந்த வகைதான்.

எனக்கு முதலில் புரியாத விஷயம் இதுதான். சிறுநீரகமே இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன் எடுத்தாயிற்று. இல்லாத சிறுநீரகத்தின் புற்று தலைக்கு எப்படி வரும்?

சென்னை டாக்டர் பொறுமைசாலி. "கும்பகோணத்துக்காரர் ஒருத்தர் டில்லியில போய் செட்டில் ஆயிட்டார். அவர் இப்ப யாரு?" என்றார். "கும்பகோணத்துக்காரர்தான்" என்றேன். "ஊர்ல இருந்த அவர் வீட்டை இடிச்சுட்டா?" "அப்பவும் கும்பகோணத்துக்காரர்தான்." "அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒண்ணு ரெண்டு செல் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கு. எங்கேயோ போய்ப் படுத்துத் தூங்கியிருக்கு. இப்ப எழுந்திருக்கு. எங்க இருந்தாலும் வைத்தியம் அதோட சொந்த ஊரைப் பார்த்துதான்."

சிறுநீரகப் புற்று வழக்கமாகப் பரவும் இடங்கள் நுரையீரல், எலும்பு, நிணநீர் முடிச்சுகள், கல்லீரல், மூளை. திரும்ப வருவதில் பெரும்பாலானவை முதல் ஐந்து வருஷத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் இந்தப் புற்றுக்கு இரண்டு கெட்ட பெயர் உண்டு. ஒன்று, பத்து, இருபது வருஷம் கழித்தும் சில பேரிடம் எழுந்து வரும். இன்னொன்று, சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும். தைராய்டு, கணையம், பித்தப்பை, மூக்கு, நாக்கு, காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி, தலைத் தோல், கை விரல் நுனி வரைக்கும் மருத்துவப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை என்று போனவருக்கு, கடைசியில் அது பழைய சிறுநீரகத்தின் வேலை என்று தெரியவந்த கேஸ்களும் உண்டு.

காரணம் ரத்தம். உடம்பில் இத்தனூண்டு இருக்கும் இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அங்கே வளரும் புற்றும் அதே பணக்காரப் பழக்கத்தோடு வளர்கிறது. சாதாரண செல்லில் வி.ஹெச்.எல். என்று ஒரு ஜீன் இருக்கிறது. ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போது, 'ரத்தக் குழாய் போடு' என்ற உத்தரவைக் கிழித்துக் குப்பையில் போடுவதில் அதற்குப் பங்கு உண்டு. இந்தப் புற்றில் பெரும்பாலும் அந்த ஜீன் கெட்டுப்போயிருக்கும். உத்தரவைக் கிழிக்க ஆள் இல்லை. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே 'எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை' என்று தினம் மனு போட்டுப் புதுப் புது பைப் லைன் வாங்கிக்கொள்ளும் ஆசாமி மாதிரி, அந்தச் செல் புதுப் புது ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளும். அதனால்தான் மாமாவின் கட்டி துடித்தது.

இந்த ஆக்ஸிஜன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்ததற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா என்ற மூன்று பேருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். எப்போது? 2019 அக்டோபரில். மாமா தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் படித்துக் காட்டினேன். "எனக்கு என்ன பங்கு வரும்?" என்றார். அதுதான் அவர் என்னோடு கோபம் தணிந்து பேசிய இரண்டாவது வாக்கியம். முதலாவதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, கிளம்பிய செல் நுரையீரலில் மாட்டாமல் தலைக்கு எப்படிப் போகும்? சிறுநீரகத்தின் ரத்தம் பெரிய சிரை வழியாக இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகிறது. நுரையீரல் ஒரு சல்லடை. அதனால்தான் அங்கே அதிகம் சிக்குகிறது. ஆனால் சல்லடையின் கண் வழியே நழுவித் தப்பிப்பவையும் உண்டு. தவிர, ஒரு பைபாஸ் ரோடும் இருக்கிறது. 1940-இல் ஆஸ்கர் பேட்ஸன் என்ற அமெரிக்க உடற்கூறியல் பேராசிரியர், முதுகெலும்பைச் சுற்றிக் கீழிருந்து மண்டை ஓடு வரை ஒரு சிரை வலை இருப்பதையும், அதில் வால்வு கிடையாது என்பதையும் வைத்து, புற்று பரவுவதற்கு ஒரு விளக்கம் சொன்னார். வால்வு இல்லாததால் அங்கே ஒன்வே டிராஃபிக் இல்லை. இருமினால், முக்கினால் ரத்தம் எதிர்த்திசையிலும் போகும். நுரையீரல் டோல்கேட்டைத் தொடாமலே மேலே போய்விடலாம்.

போனால் மட்டும் போதாது, முளைக்கவும் வேண்டும். லண்டனில் ஸ்டீஃபன் பேஜட் என்ற சர்ஜன், மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 1889-இல் ஒரு கருத்து எழுதினார். விதை எல்லா இடத்திலும்தான் விழுகிறது, பிடித்த மண்ணில் மட்டும்தான் முளைக்கிறது என்று. காவிரிக்கரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாமாவுக்குத் தலை மட்டும் இல்லை. ஸ்கானில் கணையத்திலும் இரண்டு புள்ளி தெரிந்தது. சிறுநீரகத்திலிருந்து கணையத்துக்கு வருவது பல பேரிடம் மெதுவாகவே நகரும் என்று டாக்டர் சொன்னார். ஹெட் கிளார்க்குக்கு ஏற்ற வேகம்.

இனி கோபத்தைப் பற்றி.

நான் ஃபைலை எடுத்துப் போய்க் கொடுத்தது தெரிந்ததும் மாமா கத்தவில்லை. ஆபீஸ் ரகசியத்தை வெளியே விட்ட பியூனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. சென்னைக்கு ரயிலில் எதிர் எதிரே உட்கார்ந்து போனோம். அத்தை கொடுத்த புளிசாதத்தை எனக்கும் பங்கு வைத்தார், ஆனால் பேசவில்லை. சரியாகப் பதினோரு நாள். ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி, லைட்டை அணைத்த பிறகு, இருட்டில் கேட்டார்:

"மாப்ளே, ஃபைல்ல பக்க எண் எல்லாம் வரிசையா இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. அதனாலதான் டாக்டர் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சாரு."

"ம்" என்றார். அதில் எல்லாம் அடக்கம்.

திரும்பி வந்ததும் அவரே சம்பந்திக்குப் போன் செய்து வரச் சொன்னார். அத்தை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மாமா பொண்ணு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி ரயில்வேயில் ரிடையர் ஆனவர். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்லுன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்" என்றார் மாமா.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சம்பந்தி கேட்டார்: "இது பரம்பரையா வருமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. மாமா அசரவில்லை. ஃபைலைத் திறந்தார். இதே கேள்வியைச் சென்னை டாக்டரிடம் கேட்டு, பதிலை எழுதி வாங்கி, பக்க எண்ணும் போட்டு வைத்திருந்தார். இந்தப் புற்று பரம்பரையாக வருவது ஒரு சிறு பகுதிதான். அப்படி வந்தால் பெரும்பாலும் சின்ன வயதில் வரும், இரண்டு சிறுநீரகத்திலும் வரும், குடும்பத்தில் இன்னும் யாருக்காவது இருக்கும். மாமாவுக்கு வந்தது 51 வயதில், ஒரு பக்கம் மட்டும், வம்சத்தில் வேறு யாருக்கும் இல்லை. ஆகவே பரம்பரை வகைக்கான அடையாளம் தெரியவில்லை. கீழே கையெழுத்து, சீல்.

சம்பந்தி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஹார்ட்ல ஒரு ஸ்டென்ட் இருக்கு. 2016-ல வெச்சது. நாங்களும் சொல்லலை" என்றார்.

கல்யாணம் 2020 ஜனவரியில், தை மாதம், குறித்த முகூர்த்தத்தில் நடந்தது.

மாமாவுக்குக் கொடுத்தது மாத்திரை. பஸோபனிப் என்று பெயர். புற்றுக்கு ரத்தக் குழாய் போடும் அந்த உத்தரவு போய்ச் சேரும் வாசலை அடைக்கும் மருந்து. 2008-இல் மாமாவின் முதல் ஆபரேஷனின்போது இது கடைக்கே வரவில்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2009-இல்தான். தினம் இட்லிக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். வயிற்றுப்போக்கு உண்டு, பி.பி. ஏறும். இன்னொரு விளைவும் உண்டு. அதை டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். முடி வெளுக்கும்.

கொட்டாது, வெளுக்கும். தலை, மீசை, புருவம், எல்லாம். இருபது வருஷமாக ஞாயிறு தோறும் டை அடித்து யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்த இன்னொரு ரகசியமும் போயிற்று. புருவத்துக்கு எவ்வளவு நாள்தான் டை அடிப்பது? கல்யாண ஆல்பத்தில் பெண்ணைத் தாரை வார்க்கும் போட்டோவில் பார்த்தால், இமயமலையிலிருந்து நேரே வந்த மகரிஷி மாதிரி இருப்பார். சலூன்காரர் அன்று பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மாமா பத்திரிகை வைத்த முதல் வீடு அவர் வீடுதான்.

மூன்று வருஷம் மாத்திரை வேலை செய்தது. கொரோனா காலத்திலும் கூரியரில் வந்தது. 2021-இல் பேத்தி பிறந்தாள். "தாத்தா மீசை பஞ்சு மிட்டாய்" என்று பிடித்து இழுப்பாள். 2022 கடைசியில் நுரையீரலில் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தி, உடம்பின் சொந்தப் போலீஸைத் தட்டி எழுப்பும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் மாமா போய்விட்டார். 66 வயது. தன் கடைசி ஸ்கானுக்கும் அவரேதான் பக்க எண் போட்டார்.

எனக்கு இன்றும் கணக்கு டேலி ஆகாத இடம் ஒன்று உண்டு. அந்தத் திங்கள் முதல் சனி வரை. அந்த ஐந்து நாளால் வியாதி பெரிதாகக் கூடியிருக்காது என்று டாக்டர் சொன்னார். ஆனால் நான் சனிக்கிழமையும் வாயை மூடிக்கொண்டிருந்தால், கிளினிக் பெஞ்சில் என்ன நடந்திருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். அதற்கு முன் பதினொரு வருஷம் நான் டைப் செய்த பொய்க்கும், செக்கப்பை விட்ட ஆறு வருஷத்துக்கும் யாரிடமும் கணக்கு கேட்க முடியாது. நடுவில் ஒரு ஸ்கான் எடுத்திருந்தால் கணையத்துப் புள்ளி முன்பே தெரிந்திருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். கன்டிஞ்சன்ட் என்பது அதுதானே.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்த கையோடு, திரும்ப வரும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு, வராமல் தடுக்க ஊசி போடும் முறைக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் எந்த ஊசியும் நாம் டாக்டரிடம் சொல்லும் பொய்க்கு மருந்து ஆகாது.

தலையில் கட்டி இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு ராத்திரி விழித்திருக்க வேண்டாம். உங்கள் கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான். நான் சொல்வது, முன்பு சிறுநீரகப் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவர் வீட்டில் இருக்கிறவர்களுக்கு. ஊருக்குக் கல் என்று சொல்லுங்கள், சம்பந்திக்கு உங்கள் சௌகரியப்படி சொல்லுங்கள். ஆனால் எந்த டாக்டர் பேனாவைத் திறந்து "முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?" என்று கேட்டாலும், அவர் பல் டாக்டராகவே இருந்தாலும், உண்மையைச் சொல்லுங்கள். புதிதாக ஒரு கட்டி, நிற்காத மூக்கு ரத்தம், குறையாத வலி என்றால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் பழைய ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மாமாவின் ஃபைல் இப்போது என் பீரோவில் இருக்கிறது. போன போகிக்கு அத்தை, "இன்னும் அதை எதுக்கு வெச்சிருக்கே? எரிச்சுடேன்" என்றாள். மாட்டேன் என்றேன். மாமா பொண்ணு எந்த டாக்டரிடம் போனாலும் குடும்ப விவரம் கேட்பார்கள். அதற்கு அது வேண்டும். மொத்தம் 118 பக்கம். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

சலூன்காரரிடம் இப்போதும் மாதம் ஒரு தரம் போகிறேன். கத்தரியை எடுப்பதற்கு முன், யாராக இருந்தாலும் தலையை ஒரு சுற்று விரலால் தடவிப் பார்க்கிறார். "ஒண்ணும் இல்ல சார், குனிங்க" என்கிறார்.

அதற்குத் தனி சார்ஜ் கிடையாது.